நீரின் மேல் விழுந்த பழி

நேயர்களே, கெடா மாநிலத்தின் சுங்கை பட்டாணி நகரை ஒட்டிப் பாக்கார் ஆராங் என்றோர் இடம் இருப்பதை நீங்கள் அறிவீர்கள். மலாய் மொழியில் பாக்கார் என்றால் சுடுதல். ஆராங் என்றால் கரி. கரி சுடுதல் என்று பொருள்படும் இப்பெயர், காடும் விறகும் புகையும் நிறைந்த ஒரு காலத்தை நம் நினைவுக்குக் கொண்டு வருகிறது. இன்று அங்கே தொழிற்பேட்டை இருக்கிறது. வரிசை வரிசையாகத் தாமான் வீடுகள் இருக்கின்றன. ஆனால், காட்டு மரங்களோடு நம் மக்களுக்கு ஏற்பட்ட பழைய உறவில் ஒரு கேள்வி மட்டும் இன்னும் தீராமல் நிற்கிறது. மரத்தின் நஞ்சு, நீர் வழியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுமா என்பதே அக்கேள்வி. அதன் வரலாற்றைத்தான் இன்று நாம் காணப் போகிறோம்.

நாம் சிறுவராக இருந்தபோது அந்த வட்டாரத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். பால்மரம் சீவும் பெண்மணி ஒருவர், வேலை முடிந்தபின் விறகுக்காக ஆற்றோரம் போனார். சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் கிளைகளைப் பாராங் கத்தியால் வெட்டி, கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து வந்தார். அன்று ஒன்றும் தெரியவில்லை. மறுநாள் இரவு முகம் வீங்கியது. கழுத்திலும் கைகளிலும் கொப்புளங்கள் எழுந்தன. கண்ணைத் திறக்க முடியவில்லை. அம்மை என்றார் ஒருவர். தொத்துச் சொறி என்றார் இன்னொருவர். லயத்துக்குப் பொதுவாக இருந்த தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அவர் வரக்கூடாது என்று முடிவாயிற்று. அவர் குடத்தை வைத்துவிட்டு விலகி நிற்க, அண்டை வீட்டார் நீர் மொண்டு ஊற்றினார்கள். அவருடைய சிறு மகளையும் மற்றப் பிள்ளைகளோடு தொட்டியடியில் குளிக்க விடவில்லை.

விறகுக் கட்டைப் பார்த்த வயதான மலாய்க்காரர் ஒருவர், "ரெங்காஸ்" என்று ஒரே சொல்லில் காரணத்தைச் சொன்னார். அவர் சொன்னதை அப்போது யாரும் காதில் போட்டுக் கொள்ளவில்லை. இரண்டு வாரத்தில் புண் ஆறிவிட்டது. ஆனால், அந்தத் தொட்டியருகே அவர் மற்றவர்களோடு சேர்ந்து நிற்க அதைவிட நெடுநாள் ஆயிற்று.

தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பொதுத் தொட்டி போய் நீச்சல்குளம் வந்திருக்கிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் கோடைகாலம் வந்தால் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. பாய்சன் ஐவி என்னும் நச்சுக்கொடி பட்டுக் கொப்புளம் கண்ட பிள்ளை, நீச்சல்குளத்தில் இறங்கினால் மற்றப் பிள்ளைகளுக்கும் அது பரவிவிடுமோ என்பது அவர்கள் அச்சம். நம் லயத்துத் தொட்டியடியில் எழுந்த அச்சமும் இதுவே. கொடி வேறு, மரம் வேறு. ஆனால் நஞ்சு ஒரே இனத்தது. அதனால்தான் இரண்டுக்கும் விடையும் ஒன்றாக இருக்கிறது.

பாய்சன் ஐவி நம் மண்ணில் வளர்வதில்லை. வட அமெரிக்காவில் வேலியோரங்களிலும் காட்டோரங்களிலும் மூன்று மூன்று இலைகளாகத் துளிர்த்துப் படரும் கொடி அது. ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேயர் 1624-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், தம் நாட்டு ஐவிக்கொடியைப் போன்ற ஒரு செடியைப் பற்றி எழுதினார். அதைத் தொட்டால் சிவப்பும் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும் என்றும், சில நாளில் அவை தாமே மறைந்துவிடும் என்றும் குறித்தார். பார்வைக்கு ஐவி போல இருந்ததால் அப்பெயர் ஒட்டிக் கொண்டதே தவிர, அது ஐவிக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று. அது நம் மாமரத்தின் குடும்பம்.

ஆம் நேயர்களே, மா, முந்திரி, சேராங்கொட்டை, ரெங்காஸ், பாய்சன் ஐவி ஆகிய ஐந்தும் ஒரே தாவரக் குடும்பத்தின் உறுப்பினர்கள். மாங்காயைக் காம்போடு பறிக்கும்போது பீறிடும் பால் பட்டு உதட்டோரம் வெந்து போனதை நம்மில் பலர் அறிவோம். முந்திரிக் கொட்டையின் தோட்டில் ஊறும் எண்ணெய் பட்டால் கை புண்ணாகும் என்பதைக் கொல்லத்திலும் பண்ருட்டியிலும் முந்திரி உடைத்துப் பிழைக்கும் பெண்கள் நன்கு அறிவார்கள். ஐந்தின் நஞ்சும் அளவில் வேறுபடும். குணத்தில் ஒன்றையொன்று ஒத்திருக்கும்.

நம் மலேசியக் காடுகளில் இக்குடும்பத்துக்குப் பேர்போனது ரெங்காஸ். இது ஒரே மரத்தின் பெயரன்று. ஒரு கூட்டத்து மரங்களுக்கெல்லாம் மலாய்க்காரர்கள் வழங்கும் பெயர். அவற்றுள் ஒன்றான ரெங்காஸ் ஆயேர், பெயருக்கேற்ப நீரோரம் விரும்பி வளர்வது. ரெங்காஸ் மரத்தைக் காயப்படுத்தினால் கசியும் சாறு, காற்றுப் பட்டதும் கறுத்துப் போகும். மரத்தின் உள்ளே வைரம் பாய்ந்த பகுதி அழகிய செந்நிறம். அந்த அழகுக்காகவே தச்சர்கள் அதை விரும்பினார்கள். அதன் சாற்றுக்காகவே மரம் வெட்டுவோர் அதை அஞ்சினார்கள். லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் 1771-இல் இம்மரங்களுள் ஒன்றுக்கு அறிவியற்பெயர் இட்டபோது, ரெங்காஸ் என்ற உள்ளூர்ச் சொல்லையே அப்பெயரின் பாதியாக வைத்தார்.

1909-இல் கெடா சயாமின் மேலாண்மையிலிருந்து பிரிட்டிஷாரின் பாதுகாப்புக்குள் வந்தது. அதன்பின் இங்கே இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. காடு அழித்தும் களை எடுத்தும் கன்று நட்டும் உழைத்த கைகளுள் தமிழர் கைகள் எத்தனையோ! மாமரமும் வேப்பமரமும் அறிந்து வந்தவர்களுக்கு, ரெங்காஸ் அறிமுகமில்லாத மரம். பார்த்தால் இலை மாவிலையை நினைவூட்டும். விறகு நன்றாக எரியும். எச்சரிக்க வேண்டிய அறிவு மலாய்க் கிராமத்தில் இருந்தது. எச்சரிக்கை தேவைப்பட்டவர்கள் லயத்தில் இருந்தார்கள். இடையில் இருந்த தூரம் சில நேரம் ஒரு மைல்கூட இல்லை.

இனி, நீர் வழியாகப் பரவுமா என்ற வினாவுக்கு வருவோம். இதற்கு ஒரு பெரிய சான்று நம் முன்னோரின் வேட்டி முனையிலேயே இருந்தது. தமிழகத்தில் சலவைத் தொழிலாளர்கள் எந்தத் துணி எந்த வீட்டுக்கு உரியது என்று அறியத் துணியின் மூலையில் ஒரு குறி இடுவார்கள். வண்ணான் குறி என்று ஊரார் அதைச் சொல்வார்கள். சேராங்கொட்டையைக் குத்தி, கசியும் சாற்றைத் தொட்டுக் குறியிட்டு, மேலே சுண்ணாம்பு தடவினால், கருங்குறி அழியாமல் நிற்கும். 1782-இல் இம்மரத்துக்கு ஐரோப்பியர் வைத்த அறிவியற்பெயரின் முதற்பாதி, குறியிடும் கனி என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆனது. எழுதப் படிக்கக் கற்பிக்கப்படாத ஒரு தொழிலாளி, நூறு வீட்டுத் துணியை மாறாமல் பிரித்துக் கொடுத்ததற்கு இந்தக் கொட்டையே துணை.

இப்போது சற்று எண்ணிப் பாருங்கள். பல வீட்டுத் துணிகள் ஒரே நீரில் ஊறின. ஒரே வெள்ளாவியில் வெந்தன. ஒரே ஆற்றில் அலசப்பட்டன. குறியோ இட்ட இடத்தை விட்டு நகரவில்லை. சேராங்கொட்டையின் சாறு நீரில் கரைந்து பரவக்கூடியதாக இருந்திருந்தால், ஒரே வெள்ளாவியில் ஊரார் துணி முழுவதும் கறைபட்டிருக்கும். குறி என்ற ஏற்பாடே நிலைத்திருக்காது. நீரில் கரையாமைதான் அத்தொழிலுக்கு அடிப்படை.

இதன் மறுபக்கத்தை உலகப்போர் காட்டியது. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கப் படையினரும் பிரிட்டிஷ் படையினரும் பெருந்தொகையாக இந்தியாவில் தங்கினார்கள். அவர்கள் துணியும் இந்தியச் சலவைத் தொழிலாளர்களிடம் போனது, குறியோடு திரும்பியது. சிலருக்குப் பிடரியிலும் இடுப்பிலும் அரிப்பும் கொப்புளமும் கண்டன. தொத்துநோயாக இருக்குமோ என்ற ஐயம் எழுவது இயல்பே. ஆனால், கொப்புளம் எழுந்த இடமும் சட்டைக் கழுத்திலும் கால்சட்டை இடுப்பிலும் குறி இருந்த இடமும் ஒன்றாக இருந்தன. லிவிங்குட் முதலிய மூன்று அமெரிக்க மருத்துவர்கள் 1943-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் இதை எழுதினார்கள். டோபிக்குறித் தோலழற்சி என்று அதற்குப் பெயரும் அமைந்தது. சலவையாகி, இஸ்திரி போடப்பட்டு வந்த துணியிலும் குறி தன் வேலையைக் காட்டியிருக்கிறது.

இந்த ஒரு நிகழ்ச்சியில் இரண்டு உண்மைகள் அடங்கியிருக்கின்றன. நஞ்சு நீரோடு போய்விடவில்லை, துணியோடு தங்கிவிட்டது. அது பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தொற்றவில்லை. குறி பட்ட தோலையே தாக்கியது. லயத்துத் தொட்டியடியில் நாம் தெரிந்து கொள்ளாமல் போனவை இவ்விரண்டுமே.

அந்த நஞ்சுக்குப் பெயர் தந்த பெருமை ஜப்பானுக்கு உரியது. அங்கே உருஷி என்னும் மரத்தின் சாற்றை எடுத்து, மரக் கிண்ணங்களுக்கும் பெட்டிகளுக்கும் மெருகு பூசுவது பல ஆயிரம் ஆண்டுப் பழமையான கலை. பர்மாவின் பகான் நகரத்து மெருகுப் பாத்திரங்களுக்குப் பூசப்படும் சாறு, நம் ரெங்காசுக்கு மிக நெருங்கிய உறவுடைய ஒரு மரத்திலிருந்து கிடைப்பது. ரிக்கோ மஜிமா என்ற ஜப்பானிய வேதியியல் அறிஞர், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உருஷிச் சாற்றை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, அதன் முதன்மைப் பொருளின் அமைப்பை 1922 வாக்கில் தெளிவாக்கினார். உருஷியால் என்பது அப்பொருளின் பெயர். 1950-களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்லஸ் டாசன் என்பவர், பாய்சன் ஐவியின் நஞ்சும் இதே இனத்தது என்பதைப் பிரித்துக் காட்டினார்.

உருஷியால் ஓர் எண்ணெய்ப் பொருள். சாராயத்திலும் எண்ணெயிலும் கரையும், நீரில் கரையாது. இரப்பர்ப் பாலோடு பழகிய நமக்கு இது சற்று வியப்பாக இருக்கும். இரப்பர்ப் பாலில் நீரை ஊற்றினால் கலந்துவிடும். வாளியை அலம்பிய நீர் வெள்ளையாக ஓடும். மரத்துச் சாறு என்றாலே நீரோடு கலப்பது என்று தோட்டத்துப் பிள்ளை எண்ணினால் அதில் பிழையில்லை. ஆனால் ரெங்காஸ் சாறு அப்படிப்பட்டதன்று. உருஷிச் சாறு உலர்ந்து இறுகுவதற்கு ஈரக்காற்றே வேண்டும். இறுகிய பின் அதே பூச்சுள்ள கிண்ணத்தில் சூடான குழம்பை ஊற்றி உண்கிறார்கள். நீருக்குக் கரைகிற பொருளாக இருந்தால் இது நடக்குமா?

அப்படியானால் நீச்சல்குளத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், சராசரி ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள குளத்தில் 375,000 லிட்டர் நீர் இருக்கும். புதர் பக்கம் போய் வந்த ஒருவர் தோலில் ஒட்டியிருக்கும் எண்ணெயோ கண்ணுக்குத் தெரியாத அளவு. அதில் பெரும்பகுதி அவர் தோலிலேயே பிணைந்து போகும். தப்பித் தவறி நீரில் பிரியும் சிறிதளவும் கரையாமல் சிதறும். அது மற்றொருவர் தோலில் போதிய அளவு படிந்து கொப்புளம் உண்டாக்கும் என்று அஞ்சுவதற்கு இடமில்லை. குளத்து நீரை வெளியேற்ற வேண்டிய தேவையும் இல்லை. நஞ்சுமரத்தின் இலையோ கிளையோ குளத்தில் விழுந்து மிதந்தால் மட்டும், வெறுங்கையால் தொடாமல் வலையால் எடுத்துவிட வேண்டும்.

குளத்து நீரில் கலக்கும் குளோரின் இந்த எண்ணெயை அழித்துவிடும் என்று நம்பிக் குளத்தில் குதிப்பதும் சரியன்று. எண்ணெயைத் தோலிலிருந்து பெயர்ப்பது சவர்க்காரமும் ஓடும் நீருமே. அதையும் விரைந்து செய்ய வேண்டும். சாறு பட்ட சில நிமிடங்களிலேயே அது தோலில் பிணையத் தொடங்கிவிடும். பத்து நிமிடத்துக்குள் கழுவினால் பெரும் பலன் உண்டு. அரைமணி கடந்தால் பலன் மிகக் குறைவு. ஆகவே, காட்டோரம் விளையாடிவிட்டுக் குளத்துக்கு வரும் பிள்ளைகள், முதலில் சவர்க்காரம் தேய்த்துக் குளித்துவிட்டு நீரில் இறங்கும் வழக்கம் எல்லா வகையிலும் நல்லது.

நீர் கடத்தாததைப் பொருள்கள் கடத்தும். துவாலை, சட்டை, காலணி, பாராங் கத்தியின் பிடி, புதருக்குள் உருண்டு போய் வந்த பந்து, நாயின் உரோமம் ஆகிய எதிலும் இந்த எண்ணெய் ஒட்டியிருக்கலாம். உலர்ந்த பொருளில் அது நீண்ட காலம் வலிமை குன்றாமல் இருக்கும். குளத்தில் ஒன்றாகக் குளித்த இரு பிள்ளைகளுக்குக் கொப்புளம் கண்டால், குளத்தை ஐயுறுமுன் இருவரும் ஒரே துவாலையால் துடைத்துக் கொண்டார்களா, ஒரே புதரில் பந்து தேடினார்களா என்று கேட்டறிவதே முறை.

நீரைவிட அஞ்சத்தக்கது புகை. இம்மரங்களை எரித்தால் நஞ்சு, புகையின் கரித்துகளில் ஒட்டிக் கொண்டு முகத்துக்கும் கண்ணுக்கும் மூச்சுக்குழாய்க்கும் போய்ச் சேரும். நாம் சொன்ன பெண்மணியின் முகம் அவ்வளவு வீங்கியதற்கு, சுமந்த விறகோடு அடுப்பின் புகையும் காரணமாக இருந்திருக்கலாம். கரி சுடுதல் என்று பெயர் பெற்ற ஊருக்கு அருகே வாழ்ந்த நாம், தொட்டி நீரை அஞ்சினோம்; அடுப்புப் புகையை அஞ்சவில்லை.

இனி, பரவுகிறது என்ற எண்ணம் எப்படித் தோன்றியது என்று பார்ப்போம். உருஷியால் அமிலம் போல உடனே சுடும் பொருளன்று. நம் உடலின் காவல் அமைப்பு அதை அடையாளம் கண்டு எதிர்ப்பதால்தான் கொப்புளம் எழுகிறது. முதல் முறை பட்டவருக்கு அறிகுறி தெரியப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். முன்பே பட்டுப் பழகிய உடலில் ஓரிரு நாளில் தெரியும். நியூயார்க்கின் ராக்பெல்லர் ஆய்வு நிலையத்தில் லாண்ட்ஸ்டெய்னரும் சேசும் 1942-இல் வெளியிட்ட ஆய்வில், இவ்வகை ஒவ்வாமையை ஒரு விலங்கிலிருந்து மற்றொரு விலங்குக்கு உயிரணுக்களைக் கொண்டே மாற்ற முடிந்தது என்று காட்டினார்கள். கொப்புளம் எதிர்ப்பின் விளைவு, கிருமியின் குடியிருப்பன்று.

சாறு தடித்துப் பட்ட இடத்தில் கொப்புளம் முந்தி எழும்; மெல்லிதாகப் பட்ட இடத்தில் பிந்தி எழும். இன்று கையில், நாளை கழுத்தில், மறுநாள் வயிற்றில் என்று வரும்போது, அது உடலில் ஊர்ந்து பரவுவதாகக் காண்போருக்குத் தோன்றும். உடைந்த கொப்புளத்தின் நீர் பட்டுப் பரவுவதாகவும் சொல்வார்கள். அந்த நீரில் உருஷியால் இல்லை. எண்ணெய் கழுவப்பட்ட பின், நோயுற்றவரைத் தொடுவதாலோ அவர் குளித்த நீரில் குளிப்பதாலோ மற்றவருக்கு எதுவும் வராது. புண் திறந்திருக்கும் பிள்ளையைக் குளத்தில் இறக்காதிருப்பது நல்லது. அது அப்பிள்ளையின் புண் எரியாமலும் கிருமி புகாமலும் இருப்பதற்காக. மற்றவர்களைக் காப்பதற்காக அன்று.

எல்லாக் கொப்புளமும் மரத்தால் வந்ததென்று முடிவு கட்டவும் கூடாது. நெல் விளையும் கெடாவில், வயல்பக்கமிருந்து விளக்கொளி தேடி வீட்டுக்குள் வரும் செமுட் காயாப் என்னும் சிறு வண்டைத் தோலில் நசுக்கினாலும், கோடிழுத்தாற்போல் கொப்புளம் எழும். உண்மையான தொத்துச் சொறியும் உண்டு. அம்மை வகைகளும் உண்டு. காரணத்தைப் பிரித்தறிவது மருத்துவர் வேலை. முகமும் கண்ணும் வீங்கினாலும், புகையை உட்கொண்டு மூச்சுத் திணறினாலும், காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நேயர்களே, சேராங்கொட்டைக் குறியை அறிந்த சலவைத் தொழிலாளிக்கும், ரெங்காசை அறிந்த மலாய்ப் பெரியவருக்கும், ஆய்வுக்கூடங்கள் பின்னர் எழுதிய உண்மையின் பெரும்பகுதி முன்பே தெரிந்திருந்தது. அவர்களிடம் கேட்கத்தான் நமக்குத் தோன்றவில்லை. நீரின் மேல் நாம் போட்ட பழி, நீர் மொள்ள வந்த ஒரு தாயின் மேலும் அவர் மகளின் மேலும் போய் விழுந்தது. நாளை உங்கள் தாமான் நீச்சல்குளத்தருகே கையில் கொப்புளத்தோடு ஒரு பிள்ளை தனியே நின்றால், மற்றப் பிள்ளைகளை அவசரமாகக் கரையேற்ற வேண்டாம். அந்தப் பிள்ளையை அருகே அழைத்து, நேற்று எங்கே விளையாடினாய் என்று அன்போடு கேளுங்கள். விடை பெரும்பாலும் அந்தப் பதிலில் இருக்கும்.